எடுக்காத கல்

சுத்தியல் உளியின் தலையிலிருந்து நழுவி சந்திரிகாவின் கட்டைவிரலில் இறங்கியது.

நகம் கறுத்துப்போனது. விரலை வாயில் வைத்து ஒரு தடவை உறிஞ்சிவிட்டு மறுபடி உளியைப் பிடித்தாள்.

"அக்கா, போதும்லா! யாராச்சும் பார்த்துட்டா போலீஸ் வந்துடும். இது பொதுச் சொத்து!" வேலிக்கு வெளியே நிறுத்திய காரின், அந்தக் கெரேத்தாவின், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற வெரோனிக்கா கத்தினாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சந்திரிகாவுக்குப் பக்கத்து மேசைக்காரி. இன்றைக்கு இரண்டு பேருமே வேலைக்கு மட்டம்.

"வந்தா வரட்டும். அவரு அங்க செத்துக்கிட்டு இருக்காரு. கல்லு வராம நான் வரமாட்டேன்."

"மோகன் அண்ணே சட்டையை ஏன் போட்டுக்கிட்டு இருக்கீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

"உள்ள வா, சொல்றேன். வந்து இந்த உளியைப் பிடி."

வெரோனிக்கா வந்தாள். வரும்போதே கழுத்துச் சிலுவையை எடுத்துச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டாள்.

உச்சி நேரம். ஆனால் சூரியன் இல்லை. சுமத்ரா பக்கம் எரிகிற காட்டின் புகை வந்து மூன்று நாளாக பத்து காவான் வட்டாரம் முழுவதையும் மூடியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு பழுப்பு நிறம். அந்தப் பழுப்புக்குள் நினைவுச் சின்னம் மட்டும் தனியாகக் கிடந்தது.

இரண்டு தண்டவாளங்கள். நடுவே பழைய சிலிப்பர் கட்டைகள். கட்டைகளுக்கு இடையே சிமென்ட் போட்டு, அதில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிற அளவு. தலைமாட்டில் ஒரு பளிங்குப் பலகை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து லாரி ஏறிப் போய், காலராவிலும் மழையிலும் காட்டோடு காடாக மட்கிப்போனவர்களுக்காக என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

"எங்க ஆளுங்க கல்லறைல கல்லு வெச்சா வெச்சதுதான்," என்றாள் வெரோனிக்கா, உளியைப் பிடித்தபடி. "நவம்பர்ல போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வருவோம். நீங்க மட்டும் எதுக்கு வெச்சதை எடுக்கணும்ங்கிறீங்க?"

"அது வேற, இது வேற. எங்களுக்குக் கருமாதிக் கல்லு நிரந்தரமா இருக்குறதுக்கு இல்ல, வெரோ. செத்தவங்க வந்து தண்ணி குடிக்கிறதுக்கு. கல்லை நட்டு, காரியம் முடியுற வரைக்கும் தண்ணி ஊத்துவோம். கடைசி நாள் பிடுங்கிக் கடல்ல போட்டுட்டு, திரும்பிப் பார்க்காம வந்துடுவோம். போயிட்டு வா-ன்னுகூட சொல்லக் கூடாது. போ. அவ்வளவுதான்."

சுத்தியல் விழுந்தது. சிமென்ட் தெறித்தது.

"சயாம்ல செத்தவங்களுக்கு அதுவும் நடக்கல. அதான் போன வருஷம் கமிட்டித் தலைவர் சந்திரசேகரன் எல்லாக் குடும்பத்தையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு கல்லு கொண்டாங்க, மொத்தமா காரியம் பண்ணிடலாம்னாரு. பண்டாரம் வந்தாரு, மந்திரம் சொன்னாரு. எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. கல்லை எடுங்கன்னு பண்டாரம் சொன்னப்பதான் வெவகாரமே."

"என்ன வெவகாரம்?"

"'கடல்ல போட்டுட்டா அப்புறம் நம்ம தொகுதி ஒய்.பி. வந்து எதுக்கு ரிப்பன் வெட்டுறாரு?'ன்னு கேட்டாரு தலைவர். எல்லாரும் சிரிச்சாங்க. சிமென்ட் போட்டு இறுக்கிட்டாங்க."

வெரோனிக்கா சிரிக்கவில்லை.

தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டுவிட்டு, போகவும் விடாமல் பிடித்து வைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் ஒரு சொட்டு ஊற்றவும் வரவில்லை. தாகம் எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? நட்ட கையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது.

முதலில் சந்திரசேகரன். தலை கோயில் தண்ணித் தொட்டிக்குள்ளும் கால்கள் வெளியிலுமாகக் கிடந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். அடுத்தது ரமணி டீச்சர். குடித்துக் குடித்து, வயிறு பானை போல ஊதி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டே போனாள். உதடு மட்டும் வெடித்த நிலம் மாதிரி காய்ந்திருந்தது. மூன்றாவது சாவுக்குப் பிறகு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. கல் நட்டவர்கள் வீடுகளில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்போது மோகனராஜ். சந்திரிகாவின் கணவன். இந்தச் சின்னத்துக்குச் சிமென்ட் வேலை பார்த்த சின்ன காண்ட்ராக்டர். தன் பாட்டனின் அப்பாவுக்காக அவனும் ஒரு கல் கொண்டுபோயிருந்தான். அன்றைக்குச் சந்திரிகாவுக்கு ஷிப்ட்; அவள் வரவில்லை. "நட்டாச்சு" என்று இரவில் சொன்னான். அவளும் "சரி" என்றாள்.

போன மாதம்தான் கவனித்தாள். மத்தியானம் ஆனால் காணாமல் போகிறான். கெரேத்தா பின் சீட் முழுக்கக் காலித் தண்ணீர்ப் போத்தல்கள். கேட்டால் சிரித்து மழுப்புவான். போன வாரம் சமையலறையில் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ்டவுன் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நாக்குத் தடித்துப் பேச்சு போனது. கண் மட்டும் தண்ணீரைத் தேடியது. உடம்பில் உப்பு இறங்கிவிட்டது, இனி அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும், இன்றைக்கு ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்றுவிட்டார் டாக்டர்.

"நட்ட கைதான் எடுக்கணுமாம்," என்றாள் சந்திரிகா. "காலையில பண்டாரத்துக்குப் போன் பண்ணினேன். புருஷன் படுத்துட்டா பெண்சாதி கை செல்லும்னாரு. அவரு சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் எடுன்னாரு. ஆனா ஆள் சரியா இருக்கணும், தப்பான கை எடுத்துத் தண்ணியில போட்டுட்டா கல்லு மறுபடி கிடைக்காது, அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ரெண்டு தடவை சொன்னாரு."

"சரியான கல்லுதானே இது?"

"நம்ம வீட்டு அம்மிக் குழவி ஒடைஞ்சதுல வந்த கல்லு. எனக்குத் தெரியாதா?"

வெரோனிக்கா குனிந்து பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"அக்கா, மத்த கல்லெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. இது மட்டும் ஏன் ஈரமா இருக்கு? பாருங்க, பாசி பிடிச்சிருக்கு."

உண்மைதான். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. அந்த ஒரு கல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி பச்சையாக மினுங்கியது. இன்னொன்றும் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சிமென்டை யாரோ ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தியிருந்தார்கள். பாதி வட்டம் முடிந்திருந்தது.

"யாரோ நமக்கு முந்தியே முயற்சி பண்ணியிருக்காங்க," என்றாள் சந்திரிகா. அதற்குமேல் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஓங்கி அடித்தாள்.

டங்.

டங்.

டங்.

கை ஓய்ந்தது. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

டங்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

டங்.

சத்தம் தண்டவாளத்துக்குள்ளிருந்து வந்தது. வெகு தூரத்தில், இந்தத் தண்டவாளம் முடிகிற இடத்துக்கும் அப்பால், யாரோ ஆணி அடிக்கிற சத்தம். ஒரு ஆள் இல்லை. நிறைய பேர். அடி ஒன்றாக விழுந்தது.

காற்றில் வாசனை மாறியது. புகை வாசனைக்கு அடியிலிருந்து ஈர மூங்கிலின் வாசனை. அதற்கும் அடியில் சுண்ணாம்பு. காலராப் பிணங்களின் மேல் கூடை கூடையாகக் கொட்டிய சுண்ணாம்பு.

"அக்கா..." வெரோனிக்காவின் குரல் கிசுகிசுத்தது. "போயிடலாம்."

சந்திரிகா உளியைக் கல்லுக்கு அடியில் செருகி, முழு உடம்பையும் அதன் மேல் போட்டாள்.

கல் வந்தது.

பல் பிடுங்கிய மாதிரி, ஒரு ஈரச் சத்தத்தோடு வந்தது. அந்த நொடியே ஆணி அடிக்கிற சத்தம் நின்றது.

மொத்தமாக நின்றது. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி.

*

கல்லைத் தரையில் வைக்கக் கூடாது. சந்திரிகா அதை மடியில் ஏந்திக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். வெரோனிக்கா கெரேத்தாவைக் கிளப்பினாள். கரையில் போட்டுப் பயனில்லை, நீர் வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. மீன்பிடிப் படகுகள் நிற்கிற பலகைத்துறை ஒன்று கொஞ்ச தூரத்தில் இருந்தது. அதன் நுனிக்குப் போனால் ஆழம்.

"கல்லு கனக்குது வெரோ."

"பயத்துல அப்படித்தான் இருக்கும்கா."

"இல்ல. ஏறும்போது இவ்வளவு கனமில்ல."

அப்போதுதான் அது கத்த ஆரம்பித்தது.

பீப். பீப். பீப்.

சீட் பெல்ட் போடாவிட்டால் வருகிற சத்தம். வெரோனிக்கா தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடையது இல்லை. பக்கத்து இருக்கைக்கானது.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"பை ஏதாச்சும் வெச்சிருக்கியா முன்னால?"

"இல்லக்கா."

பீப். பீப். பீப்.

வெரோனிக்காவின் உதடு அசைய ஆரம்பித்தது. "அருள் நிறைந்த மரியே வாழ்க..." கண் பாதையை விட்டு நகரவில்லை. காலி இருக்கையின் நடுவே, ஆள் உட்கார்ந்தால் பள்ளம் விழுமே, அப்படி ஒரு பள்ளம் மெல்ல விழுவதைச் சந்திரிகா பின்னாலிருந்து பார்த்தாள். அவள் சொல்லவில்லை. சொன்னால் வெரோனிக்கா கெரேத்தாவைக் கடலுக்குள்ளேயே விட்டுவிடுவாள்.

இருக்கைத் துணியில் ஈரம் படர்ந்தது.

கப் ஹோல்டரில் மூடியோடு இருந்த தண்ணீர்ப் போத்தல் தானாக நெளிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்தால் பிளாஸ்டிக் ஒடுங்குமே, அப்படி ஒடுங்கியது. தண்ணீர் மட்டம் இறங்கியது.

"வேகமாப் போ," என்றாள் சந்திரிகா.

"போய்க்கிட்டுத்தான்கா இருக்கேன்!"

பலகைத்துறையில் ஒரு படகும் வெளியே போயிருக்கவில்லை. புகைக்குப் பயந்து மீனவர்கள் வீட்டில் இருந்தார்கள். சந்திரிகா இறங்கி நடந்தாள். பலகைகள் அவள் காலுக்கு முனகின. அவள் நின்ற பிறகும் பின்னால் இன்னொரு முனகல் கேட்டது.

அவள் திரும்பவில்லை.

நுனியில் நின்றாள். எதிரே பினாங்குத் தீவு இருக்க வேண்டும். கட்டடம் கட்டடமாக, பாலம் நீண்டு, அவள் வீட்டுக்காரன் படுத்திருக்கிற ஆஸ்பத்திரி வரை அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். பழுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கடலுக்கு முதுகைக் காட்டினாள். கணவனின் சட்டைக் கையால் கல்லைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் நட்டது. அவருக்காக நான் எடுத்தேன். குடிச்சது போதும். போயிடுங்க. எங்களை விட்டுடுங்க."

தோளுக்கு மேலாக எறிந்தாள்.

ப்ளக்.

அவ்வளவுதான். சின்னச் சத்தம். அவள் நேராகக் கெரேத்தாவுக்கு நடந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. புகையா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தத் தடவை முன் சீட்டில் உட்கார்ந்தாள். துணி நனைந்திருந்தது. சத்தம் இல்லை. விளக்கும் அணைந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் சந்திரிகாவின் போன் அடித்தது. மகள் அதிரா. பதின்மூன்று வயது. பள்ளி இல்லாததால் அப்பாவோடு வார்டில் இருந்தாள்.

"அம்மா! அப்பா கண்ணைத் திறந்துட்டாரு! பேசுறாரு! தண்ணி வேணாங்கிறாரும்மா! நர்ஸ் கொடுத்தாங்க, வேணாம்னு தள்ளிட்டாரு!"

சந்திரிகா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெரோனிக்கா ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினாள். "அழுவாதீங்கலா. ஜெயிச்சுட்டீங்க. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குறதுதான் பாக்கி."

இருவரும் சிரித்தார்கள். அழுகையோடு சேர்ந்த சிரிப்பு.

பாலத்தில் ஏறிய பிறகுதான் வெரோனிக்கா மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் திரும்பிப் பார்த்துட்டேன்."

"என்னாது?"

"கெரேத்தாவைத் திருப்பும்போது கண்ணாடியில தெரிஞ்சுது. பலகை நுனியில ஒருத்தன் நின்னான். எலும்பா. இடுப்புல சாக்கு மட்டும். உங்களைத்தான் பார்ப்பான்னு நினைச்சேன்."

"பார்க்கலையா?"

"இல்லக்கா. நம்ம பக்கமே திரும்பல. இந்தப் பக்கம், தீவைப் பார்த்துக்கிட்டு நின்னான்."

*

வார்டுச் சன்னல்களில் மத்தியான வெளிச்சம் தேநீர் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மோகனராஜ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் உதட்டில் வெடிப்பு இல்லை. கண்ணில் உயிர் வந்திருந்தது.

வாசலிலேயே அதிரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கையில் பெரிய போத்தல், காலி.

"நர்ஸ் கொடுத்ததெல்லாம் நான்தான் குடிச்சேன்மா. ஜெரெபுப் புகையில தொண்டை ஒரேயடியா காயுது. போய்ப் பிடிச்சிட்டு வரேன்." கோடியில் இருந்த கழிவறைப் பக்கம் ஓடினாள்.

"ஏய், குழாய்த் தண்ணியைக் குடிக்காத! கீழ கடையில வாங்கு!" என்றாள் வெரோனிக்கா. "நானே வாங்கிட்டு வரேன்கா," என்று இறங்கிப் போனாள்.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

சந்திரிகா கணவனின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிங்க இருக்கு?"

"தாகமே இல்ல சந்திரா. திடீர்னு நின்னுடுச்சு. யாரோ குழாயை மூடின மாதிரி."

"நான்தான் மூடினேன்!" சிரித்தாள். கறுத்த நகத்தைக் காட்டினாள். "உங்க சட்டையைப் பாருங்க. எதுக்குப் போட்டிருக்கேன்னு கேட்க மாட்டீங்களா? கல்லைப் பிடுங்கிட்டேன். கடல்ல போட்டாச்சு. பண்டாரம் சொன்ன மாதிரியே, திரும்பிப் பார்க்காம."

மோகனராஜ் அவளையே பார்த்தான்.

"எந்தக் கல்லு?"

"நம்ம கல்லுதான். குழவிக் கல்லு."

"கடல்லயா?"

"ஆமா. ஆழத்துல."

அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்தாள். எழப் பார்த்தான். கையில் குத்தியிருந்த ஊசி இழுத்தது.

"எடுக்க முடியுமா? முக்குளிக்கத் தெரிஞ்ச ஆளை விட்டு... சந்திரா, அதை எடுக்க முடியுமா?"

"எதுக்குங்க எடுக்கணும்? உங்களைக் காப்பாத்தத்தானே போட்டேன்!"

கழிவறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தினம் மத்தியானம் போனது குடிக்கிறதுக்கு இல்ல," என்றான். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "ஊத்துறதுக்கு. போத்தல் போத்தலா அந்தக் கல்லு மேல ஊத்தினேன். அந்தக் கையை விட்டுடு, என் கையைப் பிடின்னு கெஞ்சினேன். கல்லுல இருந்தவன் ஒத்துக்கிட்டான். அதனாலதான் தாகம் எனக்கு வந்துச்சு. எனக்கா வந்தது இல்ல அது. நான் கேட்டு வாங்கினது."

"எந்தக் கையைங்க?"

"சிமென்டைக் கொத்தினதும் நான்தான். யாருக்கும் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா. கல்லு முழுசா விட்டதும், அங்க கூட்டிட்டுப் போய் எடுக்க வெக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள விழுந்துட்டேன். பேசவும் முடியல..."

"யாரைக் கூட்டிட்டுப் போய்?"

ஒரு போத்தல் நிறைய இவ்வளவு நேரம் ஆகாது.

குழாய்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மூச்சு விடாமல் விழுங்குகிற சத்தம். மடக். மடக். மடக்.

"அன்னிக்குக் கலவை இறுகிக்கிட்டு இருந்துச்சு," என்றான் மோகனராஜ். கண் அவளைத் தாண்டிக் கழிவறைக் கதவில் நிலைத்திருந்தது. "ஒய்.பி. கெரேத்தா வந்துடுச்சு. சீக்கிரம் சீக்கிரம்னு எல்லாரும் கத்துறாங்க. என் ரெண்டு கையும் சிமென்ட். பக்கத்துல நின்னா. 'அப்பா, நான் வெக்கட்டுமா?'ன்னு கேட்டா. சரின்னுட்டேன்."

ஈர மூங்கில் வாசனை வார்டுக்குள் வந்தது.

"கல்லை நட்டது நான் இல்ல, சந்திரா. அதிரா."